ஜி.டபிள்யூ.எம். ரெயினால்ட்ஸ்: ஓநாய் மனிதனைக் காதல் நாயகனாக்கியவரின் வாழ்வும் தமிழ் வாசிப்பில் அவர் பெற்ற இடமும்

முன்னுரை

மனிதன் விலங்காக உருமாறுவது, இறந்தவர் எழுந்து வந்து குருதி குடிப்பது, அத்தகைய இயற்கை மீறிய உயிரை மானுடர் ஒருவர் காதலிப்பது ஆகியவை இன்றைய ஆங்கில வெகுசன நாவலில் பெரும் வாசகர் திரளைப் பெற்றுள்ள பொருள்கள். இவற்றை அண்மைக்காலப் பொழுதுபோக்குச் சரக்கு என ஒதுக்கிவிடுவதே கல்விப்புல வழக்கம். ஆயினும் இவ்வகை எழுத்தின் வேர் 19ஆம் நூற்றாண்டின் மலிவுவிலைத் தொடர்கதைகளில் உள்ளது. அக்காலத்தில் ஓநாய் மனிதன் ஒருவனைக் காதல் நாயகனாக்கி நெடுங்கதை எழுதியவர் ஜார்ஜ் வில்லியம் மக்ஆர்தர் ரெயினால்ட்ஸ். தமிழ் நாவலின் தொடக்கக்கால வரலாற்றைக் கற்போருக்கு இப்பெயர் அறிமுகமானதே. ஆரணி குப்புசாமி முதலியாரும் மறைமலையடிகளும் தழுவிய மூலநூல்களின் ஆசிரியர் இவரே. எனினும் தமிழ் ஆய்வுகளில் இவர் பெரும்பாலும் ஒரு பெயராக மட்டுமே நிற்கிறார். அவரது வாழ்வை முழுமையாக நோக்கினால், அவர் எழுத்தில் உருமாற்றம் ஏன் மையப்பொருளாயிற்று என்பது விளங்கும். அவ்வுருமாற்றம் தமிழுக்கு வந்தபோது என்னவாயிற்று என்பதும் தெளிவாகும். இவ்விரண்டையும் விளக்குவதும், சேந்தமங்கலத்தை அடுத்துள்ள கொல்லிமலையின் பாவை மரபோடு அவற்றை இணைத்துக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

ரெயினால்ட்ஸ் 1814ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் இங்கிலாந்தின் கெண்ட் மாவட்டத்தில் உள்ள சாண்ட்விச் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை கப்பற்படை அதிகாரி. தந்தையை 1822இலும் தாயை 1830இலும் இழந்தார். மகனைப் படைத்துறையில் சேர்ப்பதே குடும்பத்தின் திட்டமாக இருந்தது. அதன்படி 1828இல், 14 வயது நிறைவதற்கு முன்பே, சாண்ட்ஹர்ஸ்ட் அரச படைக்கல்லூரியில் சேர்க்கப்பட்டார். அங்கு அவரால் நிலைத்திருக்க இயலவில்லை. 1830இல் கல்லூரியை விட்டு நீங்கினார்.

உயர்குடிப் பிறப்பும் படைக்கல்லூரிக் கல்வியும் அவருக்கு ஆளும் வகுப்பின் உள்வாழ்வைக் காட்டின. பிற்காலத்தில் அவ்வகுப்பின் கடும் எதிரியாக அவர் எழுதியவற்றுக்கு இவ்விளமைப் பட்டறிவு அடித்தளமாயிற்று. ஒரு வகுப்பில் பிறந்து மற்றொரு வகுப்பின் குரலாக மாறிய அவரது வாழ்வே ஓர் உருமாற்றக் கதையாக அமைந்தது எனலாம்.

பாரிசு வாழ்க்கை

1830ஆம் ஆண்டின் ஜூலைப் புரட்சி பிரான்சில் பத்தாம் சார்லசு மன்னனை அரியணையிலிருந்து இறக்கியது. அப்புரட்சியின் வெப்பம் தணியாத பாரிசு நகரில் ரெயினால்ட்ஸ் சில ஆண்டுகள் வாழ்ந்தார். மக்கள் தெருவில் இறங்கினால் முடியாட்சி அசையும் என்பதை அவர் அங்கு உணர்ந்தார். குடியரசுக் கொள்கை அவரிடம் ஊன்றியது இக்காலத்தில்தான்.

1835இல் சூசன்னா ஃபிரான்சஸ் பியர்சன் என்னும் பெண்ணை மணந்தார். சூசன்னாவும் எழுத்தாளர், பின்னாளில் ‘கிரெட்னா கிரீன்’ என்னும் நாவலை எழுதியவர். அதே ஆண்டில் ரெயினால்ட்சின் முதல் நாவல் வெளிவந்தது. பாரிசில் அவர் ஈடுபட்ட இதழ்த்தொழில் நலிவுற, கைப்பொருளை இழந்து இங்கிலாந்து திரும்பினார். பிரெஞ்சு இலக்கியப் பயிற்சியே அவர் கொணர்ந்த உண்மையான செல்வமாக இருந்தது. அதன் பயனாக 1839இல் சமகாலப் பிரெஞ்சு இலக்கியத்தை ஆங்கிலேயருக்கு அறிமுகப்படுத்தும் நூலொன்றை வெளியிட்டார்.

இலண்டனும் ஒரு பென்னி இதழ்களும்

இலண்டனில் ரெயினால்ட்ஸ் ‘மந்த்லி மேகசின்’ இதழின் ஆசிரியரானார். டிக்கன்சின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ பெற்ற வரவேற்பைக் கண்டு, பிக்விக் பிரான்சுக்குப் பயணம் செய்வதாகத் தாமே ஒரு தொடர்கதை எழுதினார். பிறர் படைத்த மாந்தரை எடுத்துத் தம் கதையில் உலவவிட்ட இச்செயல் டிக்கன்சுக்குச் சினமூட்டியது. பின்னாளில் தமிழில் தழுவல்களுக்கு மூலமான ஆசிரியர், தாமே தழுவல் வழியாகத் தம் எழுத்து வாழ்வை நிலைநிறுத்தினார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஏழை எளியோரும் வாங்கத்தக்க ஒரு பென்னி விலையில் கதைப்பகுதிகள் வாரந்தோறும் வெளிவரும் முறை 1840களில் இலண்டனில் பரவியது. நெருக்கமான எழுத்தில் எட்டுப் பக்கமும் முகப்பில் ஒரு மரச்செதுக்குப் படமும் கொண்டது அவ்வெளியீடு. எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிக்க, பிறர் சூழ்ந்திருந்து கேட்பது அன்றைய வழக்கம். இவ்வடிவில் ‘இலண்டன் மர்மங்கள்’ என்னும் நெடுந்தொடரை ரெயினால்ட்ஸ் 1844இல் தொடங்கினார். எழேன் சூவின் ‘பாரிசு மர்மங்கள்’ இதற்கு முன்மாதிரி. வாரந்தோறும் சுமார் 40,000 படிகள் விற்பனையானதாக மதிப்பிடப்படுகிறது. மாளிகையின் செல்வமும் சேரியின் பட்டினியும் ஒரே நகரில் அடுத்தடுத்து நிற்பதை அத்தொடர் காட்டியது. கதையின் தொடக்கத்தில் ஆண் உடையில் வாழும் எலிசா சிட்னி என்னும் பெண் அறிமுகமாகிறாள். ஒருவர் வேறொருவராகத் தோன்றுதல் என்னும் கூறு அவர் எழுத்தில் எத்துணை ஆழமானது என்பதற்கு இது ஒரு சான்று.

ஓநாய் மனிதனின் கதை

1846 நவம்பரில் ரெயினால்ட்ஸ் தம் பெயரிலேயே ‘ரெயினால்ட்ஸ் மிசலனி’ என்னும் வார இதழைத் தொடங்கினார். முதல் இதழிலேயே ‘வாக்னர் என்னும் ஓநாய் மனிதன்’ தொடர் இடம்பெற்றது. 1847 ஜூலை வரை தொடர்ந்தது. ஏறத்தாழ இதே ஆண்டுகளில் ஜேம்ஸ் மால்கம் ரைமரின் ‘வார்னி’ என்னும் குருதி குடிக்கும் பேயின் கதையும் பென்னித் தொடராக வந்தது. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ வெளிவந்ததோ 1897இல்தான். எனவே ‘டிராகுலா’வுக்கு அரை நூற்றாண்டு முன்பே உருமாறிகளும் குருதியுண்ணிகளும் உழைப்பாளர் வாசித்த மலிவு இதழ்களில் வாழ்ந்தன.

வாக்னரின் கதை 16ஆம் நூற்றாண்டில் நிகழ்கிறது. ஜெர்மானியக் காட்டில் தனியனாய்க் கைவிடப்பட்ட முதியவன் வாக்னர். ஓர் இரவில் வரும் அந்நியன் அவனுக்கு இளமையும் அழகும் செல்வமும் அறிவும் தர முன்வருகிறான். அதற்கு விலையாக, மாதந்தோறும் இறுதி நாளில் கதிரவன் மறைவதிலிருந்து மறுநாள் உதயம் வரை வாக்னர் ஓநாயாக அலைய வேண்டும். பேத்தி ஆக்னசும் பிரிந்து சென்ற தனிமையில் வாக்னர் அதற்கு இசைகிறான். பின்னர் ஃபிளாரன்ஸ் நகரில் நிசிடா என்னும் உயர்குடிப் பெண் அவனைக் காதலிக்கிறாள். அவள் செவியும் வாயும் இழந்தவளாக நடித்து வாழ்பவள். ஆக்னசைத் தன் காதலுக்குப் போட்டியாகக் கருதிக் கொல்லும் அளவுக்கு அவள் காதல் கொடிது.

இக்கதையில் அச்சத்துக்குரியவர் யார் என்னும் வினா எழுகிறது. ஓநாயாகும் நாயகன் தன் விருப்பமின்றிக் கொல்பவன், விடிந்ததும் வருந்துபவன். நாயகியோ மனித உருவில் இருந்துகொண்டே திட்டமிட்டுக் கொல்பவள். ஆன்மாவை விற்றால் சாபம் நீங்கும் என்று அலகை பலமுறை ஆசை காட்டியும் வாக்னர் இணங்குவதில்லை. முடிவில் சாபம் நீங்குகிறது. அந்நொடியே பழைய முதுமை திரும்ப, அவன் இறக்கிறான். நிசிடாவும் உடன் மாய்கிறாள். சபிக்கப்பட்ட உடலுக்குள் அறம் வாழும் என்பதும், அழகிய உயர்குடி உடலுக்குள் கொடுமை வாழும் என்பதும் இக்கதையின் உட்கருத்து. பிறப்பையும் தோற்றத்தையும் கொண்டு மனிதரை மதிப்பிட்ட சமூகத்துக்கு எதிரான கருத்து இது. ரெயினால்ட்சின் அரசியலோடு இதனை இணைத்தே படிக்க வேண்டும்.

மேடையும் செய்தித்தாளும்

அனைத்து ஆண்களுக்கும் வாக்குரிமை, மறைவான வாக்களிப்பு முதலிய ஆறு கோரிக்கைகளை முன்வைத்தது சாசன இயக்கம். 1848 மார்ச் 6ஆம் நாள் டிராஃபால்கர் சதுக்கத்தில் வருமான வரிக்கு எதிராகக் கூட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதனைக் கூட்டியவர் வராத நிலையில் ரெயினால்ட்ஸ் தலைமை ஏற்றார். பாரிசில் அப்போது வெடித்திருந்த புரட்சியை ஆதரித்துப் பேசினார். அன்று முதல் அவர் சாசன இயக்கத்தின் அறியப்பட்ட தலைவர்களுள் ஒருவரானார். அதே ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் கென்னிங்டன் திடலில் நடந்த பெருங்கூட்டத்திலும் பங்கேற்றார்.

1848 முதல் 1856 வரை ‘இலண்டன் அரசவை மர்மங்கள்’ என்னும் நெடுந்தொடரை எழுதினார். பின்னாளில் நான்காம் ஜார்ஜ் எனப்பட்ட இளவரசரின் ஒழுக்கக்கேடுகளை இத்தொடர் வெளிப்படையாகச் சித்திரித்தது. 1850இல் அவர் தொடங்கிய வாரச் செய்தித்தாள் உழைப்பாளரிடையே வேரூன்றிப் பெயர் மாற்றங்களுடன் 1967 வரை நீடித்தது. 1857இல் இந்தியாவில் எழுந்த கிளர்ச்சியின்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியைக் கண்டித்துக் கிளர்ச்சியாளர் பக்கம் பரிவு காட்டிய மிகச் சில ஆங்கில இதழ்களுள் இது ஒன்று.

இவ்விரு முகங்களும் அவருக்கு எதிர்ப்பை வளர்த்தன. டிக்கன்ஸ் 1850இல் தம் புதிய இதழைத் தொடங்கியபோது, கீழான உணர்ச்சிகளைத் தூண்டும் புரட்சி எழுத்தாளர் எனப் பெயர் சுட்டாமல் சாடியது ரெயினால்ட்சையே எனக் கொள்வர். மறுபுறம், கதை எழுதிப் பொருள் ஈட்டுபவர் மக்கள் தலைவராக முடியுமா என்னும் ஐயம் இயக்கத்தினுள்ளும் இருந்தது.

இறுதிக்காலம்

மனைவி சூசன்னா 1858இல் மறைந்தார். 1860ஐ ஒட்டி ரெயினால்ட்ஸ் நாவல் எழுதுவதை நிறுத்திச் செய்தித்தாளில் மட்டும் கவனம் செலுத்தினார். 1879 ஜூன் 19ஆம் நாள் இலண்டனில் காலமானார். அவர் காலத்தின் மிகப் புகழ்பெற்ற எழுத்தாளர் என்று புத்தக வணிக இதழ் ஒன்று அவர் மறைவின்போது குறிப்பிட்டது. ஆயினும் ஆங்கில இலக்கிய வரலாறுகள் நெடுங்காலம் அவரைப் பொருட்படுத்தவில்லை. தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியதும் அதே 1879இல்தான். தாய்நாட்டில் அவர் மறக்கப்படத் தொடங்கிய காலமே இந்திய மொழிகளில் அவர் பரவிய காலமாயிற்று.

தமிழுக்கு வந்த வழி

இந்திய நூலகங்களின் ஆங்கில நாவல் இருப்பை ஆராய்ந்து பிரியா ஜோஷி 2002இல் வெளியிட்ட நூல், ரெயினால்ட்ஸ் இந்திய வாசகரிடையே பெற்றிருந்த பெருஞ்செல்வாக்கை எடுத்துக்காட்டியது. வங்காளம், இந்தி, உருது, மராத்தி முதலிய மொழிகளில் அவர் நாவல்கள் பெயர்க்கப்பட்டன. தமிழில் இப்பணியை விரிவாகச் செய்தவர் ‘ஆனந்தபோதினி’ இதழின் ஆசிரியர் ஆரணி குப்புசாமி முதலியார். அவரது ‘இரத்தினபுரி இரகசியம்’ பல பாகங்களாக வெளிவந்த தழுவல். ‘இலண்டன் அரசவை மர்மங்கள்’ அதன் மூலம். ஆங்கிலேய அரச குடும்பத்தின் மீதான நேரடித் தாக்குதல், இரத்தினபுரி என்னும் கற்பனை அரசின் கதையாக மாறியது. அயலாட்சியின் கீழ் எழுதப்பட்ட நூலில் மூலத்தின் அரசியல் கூர்மை இவ்வாறு மங்கியது. எஞ்சியது அரண்மனைச் சூழ்ச்சியும் திடுக்கிடும் திருப்பமும்.

மறைமலையடிகளின் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’ 1911இல் வெளிவந்தது. ரெயினால்ட்சின் ‘லைலா’ என்னும் நாவலைத் தழுவியது இது. காகசசு மலைநாட்டுக் கதை, நாகநாட்டுக் கதையாகத் தமிழ்ப்பெயர் மாந்தரோடு மறுபிறப்பு எய்தியது. 1916இல் தனித்தமிழ் இயக்கத்தைத் தோற்றுவித்த ஒருவர், மலிவுவிலைத் தொடர்கதை ஆசிரியரின் படைப்பைத் தம் உரைநடைக்கு மூலமாகத் தேர்ந்தார். தூய்மையின் அடையாளமாகப் போற்றப்படும் அறிஞரின் வாசிப்பிலும் ரெயினால்ட்ஸ் இருந்தார் என்பதை இது மெய்ப்பிக்கிறது. அவரைப் படித்தோர் தரமற்ற வாசகர் என்னும் முடிவு இவ்விடத்தில் நிலைகுலைகிறது.

தழுவல் மரபுக்கு எதிர்ப்பும் எழுந்தது. புதுமைப்பித்தன் தழுவலைக் கடுமையாகச் சாடினார். மொழிபெயர்ப்பே நேர்மையான வழி எனக் கொண்டார். ஆயினும் அவரே மேரி ஷெல்லியின் நாவலைப் ‘பிரேத மனிதன்’ எனத் தமிழாக்கியவர். ‘காஞ்சனை’ கதையில் பேய்மையை நவீனக் குடும்பத்தின் வீட்டுக்குள் கொணர்ந்தவர். எனவே அவர் எதிர்த்தது இயற்கை மீறிய பொருளை அன்று. அப்பொருள் கையாளப்பட்ட முறையையே எனலாம். ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘நாவலும் வாசிப்பும்’ தொடக்கக்கால நாவல் வாசகர் குறித்து விரிவாக ஆராய்ந்த பின்னர், இவ்வெகுசன நூல்களை வாசிப்பு வரலாற்றின் சான்றாகக் கொள்ளும் போக்கு வலுப்பெற்றது.

உருமாற்றமும் மாறுவேடமும்

ரெயினால்ட்சின் எழுத்தில் இருவகை மாற்றங்கள் உள்ளன. வாக்னர் உடலால் மாறுகிறான். எலிசாவும் நிசிடாவும் வேடத்தாலும் நடிப்பாலும் மாறுகின்றனர். தமிழ் வெகுசன நாவலில் ஊன்றியது இரண்டாம் வகையே. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் முதலிய துப்பறியும் மாந்தரின் வேடப்புனைவு இவ்வழியில் வருவது. மர்மம் எதுவாயினும் இறுதியில் மனித அறிவால் அவிழ வேண்டும் என்பது அந்நாவல்களின் இயல்பு. உடலே மாறும் முதல் வகைக்கோ தமிழில் ஏற்கெனவே உரிய இடம் இருந்தது. பெரிய எழுத்துப் பதிப்புகளாக விற்ற விக்கிரமாதித்தன் கதையில் வேதாளமும் கூடுவிட்டுக் கூடு பாய்தலும் வாசகருக்குப் பழகிய பொருள்கள். வேதாளக் கதைகளை ஆங்கிலத்தில் தந்த ரிச்சர்ட் பர்ட்டன் 1870இல் வேதாளத்தைக் குருதியுண்ணும் பேயாகவே பெயரிட்டார். எனவே வேதாளம் ஐரோப்பிய வாசகருக்கு அறிந்த பேயாயிற்று; தமிழ் வாசகருக்கு ஐரோப்பியப் பேய் முற்றிலும் புதியதாக இருக்கவில்லை.

கொல்லிப்பாவை தரும் ஒளி

அச்சமும் காதலும் ஒரே உருவில் கூடுவது தமிழில் இன்னும் பழமையானது. நாமக்கல் மாவட்டத்தின் சேந்தமங்கலம் சமவெளியில் நிற்போருக்குக் கிழக்கே எழும் கொல்லிமலை, சங்கப் பாடல்களில் பாவையின் மலை. நற்றிணையும் (192) குறுந்தொகையும் (89, 100) அப்பாவையைக் கூறுகின்றன. பூதமோ தெய்வமோ அமைத்தது அது. அழகால் ஈர்த்துத் தன் சிரிப்பால் உயிர் கவரும் என்பது வழிவழி வரும் செய்தி. இன்றும் மலைமேல் உள்ள எட்டுக்கை அம்மன் கோயிலைக் கொல்லிப்பாவையோடு இணைத்து மக்கள் வழிபடுகின்றனர்.

சங்கப் புலவர் இவ்வுருவைக் கையாண்ட முறை சிந்தனைக்குரியது. குறுந்தொகை 89ஆம் பாடல் கொல்லிமலையை அச்சம் முதிர்ந்த இடமாகக் காட்டிவிட்டு, அங்குள்ள பாவையைத் தலைவியின் அழகுக்கு உவமையாக்குகிறது. நற்றிணை 201ஆம் பாடலில், காற்றும் மழையும் இடியும் நிலநடுக்கமும் தாக்கினும் தன் உருக் குலையாத பாவைபோல் தலைவி தன் நெஞ்சை விட்டு நீங்காள் எனத் தலைவன் பாங்கனுக்கு மறுமொழி கூறுகிறான். அஞ்சத்தக்க அணங்கின் உரு, காதலின் நிலைபேற்றைச் சொல்லும் மொழியாகிறது. நிசிடாவின் அழகிலும் வாக்னரின் சாபத்திலும் ரெயினால்ட்ஸ் தொட்ட பொருளும் இதுவே: விரும்பப்படுவதும் அஞ்சப்படுவதும் ஒன்றாக இருக்கும்போது மனிதர் என்ன செய்வர்?

வேறுபாடும் உண்டு. சங்கப் பாவை மாறாதது. அதன் ஆற்றல் மாறாமையில் உள்ளது. வாக்னரின் துயரம் மாறிக்கொண்டே இருப்பதில் உள்ளது. முன்னது மலையும் தெய்வமும் காத்த நிலைத்த உலகின் கற்பனை. பின்னது தொழில்நகரில் வகுப்பும் செல்வமும் ஒரே இரவில் தலைகீழாகக் கண்ட சமூகத்தின் கற்பனை.

முடிவுரை

ரெயினால்ட்சின் வாழ்வு, வெகுசனக் கதையும் மக்கள் அரசியலும் ஒரே கையிலிருந்து பிறக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது. அவர் படைத்த ஓநாய் மனிதன், தோற்றத்தால் மனிதரை அளக்கும் வழக்கத்துக்கு விடுத்த வினா. தமிழ்த் தழுவல்கள் அவரது கதைப்பின்னலைப் பெரிதும் ஏற்றன, அரசியலைத் தளர்த்தின, உருமாற்றத்தை மாறுவேடமாகச் சுருக்கின. இச்சுருக்கத்தைக் கண்ட திறனாய்வு, மூலமும் அத்துணைச் சிறியதே எனக் கொண்டது. அவரை மலிவு எழுத்தாளர் எனக் கடந்து செல்லும் இலக்கிய வரலாறு, ‘குமுதவல்லி’யின் ஆசிரியர் தம் மூலத்தை ஏன் தேர்ந்தார் என்பதற்கு விடை கூற இயலாது. இன்றைய இளைஞர் உருமாறிகளையும் குருதியுண்ணிகளையும் பற்றிய நாவல்களை விரும்பிப் படிப்பதும் இவ்வரலாற்றின் தொடர்ச்சியே. கொல்லிப்பாவையை அகப்பாடலின் உவமையாக ஏற்ற மரபுக்கு, அவ்வாசிப்பைத் தீவிர ஆய்வுக்குரிய பொருளாக ஏற்பதில் தடையிருக்க வேண்டியதில்லை.